கைபேசிக்குள் இருக்கும் புக்கி

(தோட்டக் கிளையின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



போன மாதம் ஓர் அம்மா மலையிலிருந்து நேரே பாடசாலைக்கு வந்தார். சாதாரண தரம் படிக்கும் மகளுடைய தோடு அடகுக் கடையில் இருக்கிறது. அடகு வைத்தவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மூத்த மகன். தீபாவளி முற்பணமும் அவர் கையில்தான் போனது. "குடிக்கிற பழக்கம்கூட இல்லாத பிள்ளை சேர்" என்று அந்த அம்மா அழுதார்.

அந்தத் தம்பியோடு நாங்கள் பேசினோம். எல்லாம் கைபேசியில் கிரிக்கெட் பந்தயம் கட்டிப் போன காசு. "இன்னும் ஒரு மெச் சரிவந்தால் தோட்டை மீட்டுவிடுவேன்" என்றார். அவருக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். இது அதிர்ஷ்டம் அல்ல, கணக்கு. அந்தக் கணக்கை இன்று போட்டுப் பார்ப்போம்.

இரண்டு அணியும் சம பலம் என்று வைத்துக்கொள்வோம். எந்த அணி வென்றாலும் 100 ரூபாவுக்கு 190 தருவதாகப் பந்தயக் கம்பனி சொல்கிறது. ஒருவர் ஓர் அணிக்கு 100 கட்டுகிறார், இன்னொருவர் மற்ற அணிக்கு 100 கட்டுகிறார். கம்பனியின் கையில் 200. வென்றவருக்குக் கொடுப்பது 190. மிச்சம் 10 ரூபா கம்பனிக்கு. யார் வென்றாலும் அது கம்பனிக்குத்தான். அதாவது, கட்டுகிற ஒவ்வொரு 100க்கும் சராசரியாக 5 ரூபா போகிறது.

ஐந்து ரூபாதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு நாட் சம்பளம் 1,750 ரூபாவை எடுத்து, திரும்பி வருவதை எல்லாம் மறுபடி கட்டிக்கொண்டே இருந்தால், சராசரிக் கணக்கில் 14 சுற்றில் பாதிக்கு மேல் போய்விடும். ஒரு டி20 ஆட்டத்தில் 240 பந்து. பந்துக்குப் பந்து பந்தயம் கட்டலாம். 14 சுற்றுக்கு ஒரு மாலைப் பொழுதே அதிகம்.

"போனஸ்" என்பதும் இப்படித்தான். 5,000 ரூபா சும்மா தருகிறோம் என்பார்கள். அதை எடுக்க வேண்டுமானால் அதைப்போல் 20 மடங்குக்குப் பந்தயம் கட்ட வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். 20 மடங்கு என்றால் ஒரு இலட்சம். நூற்றுக்கு ஐந்து வீதம் ஒரு இலட்சத்துக்கு எவ்வளவு? அதே 5,000. கொடுத்த கையே திருப்பி எடுத்துக்கொள்கிறது.

டவுனில் ரேஸ் புக்கி நமக்குப் புதிதல்ல. ஆனால் அந்தக் கடைக்குக் கதவு இருந்தது, பூட்டுகிற நேரம் இருந்தது, உள்ளே போகிறவரை நாலு பேர் பார்த்தார்கள். கைபேசிக்குள் இருக்கும் புக்கி போர்வைக்குள்ளும் வருகிறது. வீட்டுக்குத் தெரிவது நகை போன பிறகுதான்.

சட்டம் என்ன செய்கிறது? குதிரைப் பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் பழைய கட்டளைச் சட்டங்களும், கசினோவுக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டமுமே நம் நாட்டில் இருந்தன. 2025இல் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இணையச் சூதாட்டமும் அதற்குள் வருகிறது. அதே ஆண்டு ஓகஸ்டில் இந்தியா வேறு வழியில் போனது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. நடத்துகிறவருக்கு 3 வருடம் வரை சிறை, ஒரு கோடி இந்திய ரூபா வரை தண்டம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை.

அனுமதிப்பத்திரமும் வரியும் அரசாங்கத்துக்கு வருமானம். அந்த வருமானம் யாருடைய சம்பளத்திலிருந்து வருகிறது என்பதே நமது கேள்வி. ஆகவே நாம் கேட்க வேண்டியவை: அனுமதி இல்லாத செயலிகளை முடக்க வேண்டும். இளைஞரை இழுக்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்த வேண்டும். நம் மக்கள் தமிழில் முறையிட வழி வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கு, கடனில் விழுந்த குடும்பங்களுக்கு ஆலோசனை தரச் செலவாக வேண்டும்.

சட்டம் வரும் வரைக்கும் லயத்தில் நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது.

தாய்மார்களே, உங்கள் சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டை யார் கையில்? இரகசிய இலக்கம் யாருக்குத் தெரியும்? கிலோக் குறைந்தால் அரைப் பேர் போடுகிற மலையில் நின்று நீங்கள் உழைத்த காசு அது. அட்டை உங்களிடமே இருக்கட்டும்.

தம்பிமாரே, "உன் வங்கிக் கணக்கைக் கொடு, மாதம் ஒரு தொகை தருகிறோம்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். விசாரணை வந்தால், கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் தேடி வருவார்கள்.

ஏற்கெனவே விழுந்துவிட்டவரை ஏச வேண்டாம். ஏசினால் ஒளிப்பார், ஒளித்தால் நுண்கடன்காரரிடம் போவார். விட்டதைப் பிடிக்க மேலும் கடன் கொடுக்கவும் வேண்டாம். சங்கத்துக்குக் கூட்டி வாருங்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்று தாளில் எழுதி, மாதம் எவ்வளவு கட்டலாம் என்று கடன்காரரோடு சேர்ந்தே பேசுவோம்.

அந்தத் தம்பி செயலியை எங்கள் முன்னாலேயே அழித்துவிட்டார். தோடு இன்னும் மீளவில்லை. மூன்று மாதத் தவணை போட்டிருக்கிறோம். சம்பளத்தில் 50 ரூபா கூட்டிக் கேட்க நாம் எத்தனை நாள் வீதியில் நின்றிருக்கிறோம்! அப்படி வாங்கிய காசை ஓர் இரவில் பறிகொடுக்க நாம் விடலாமா, தோழர்களே?