வீட்டில் ஒரு போன், பல கண்கள்

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

 

நம் வீடுகளில் ஒரே போனில் வாப்பா பயான் கேட்பார், உம்மா சமையல் பார்ப்பார், பிள்ளை பாடம் படிக்கும். அந்த வீட்டுப் பெண் ஒருவர், வெளியில் கேட்கக் கூச்சப்பட்டு, தன் உடல்நலம் பற்றி ஒரு டாக்டரின் வீடியோவைப் பார்க்கிறார் என்று வையுங்கள். மறுநாள் போனைத் திறக்கும் எல்லோர் கண்ணிலும் அதே போன்ற வீடியோக்கள் படும். நாம் தேடியது, பார்த்தது எல்லாம் யூடியூபில் பதிவாகிறது. அடுத்த வீடியோவும் விளம்பரமும் அதை வைத்தே வருகின்றன.

இது வெறும் சந்தேகம் அல்ல. பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டியதாக அமெரிக்காவில் எழுந்த வழக்கில், 2019-ல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், செலவில்லாத வேலை. கூகுள் கணக்கில் யூடியூப் ஹிஸ்டரியை நிறுத்தி வையுங்கள்; பழையதை அழியுங்கள். 3 மாதத்துக்கு மேல் பழையது தானாக அழியும்படியும் வைக்கலாம்.

அடுத்து, திறந்த மூல மென்பொருள்கள். இவற்றின் நிரல் யாரும் படித்துப் பார்க்கும்படி வெளியில் இருக்கும். ஆண்ட்ராய்டு போனுக்கு நியூபைப். கம்ப்யூட்டருக்கு ஃப்ரீடியூப். இரண்டும் இலவசம், கூகுள் கணக்கே வேண்டாம். நீங்கள் பின்தொடரும் சேனல்களின் பட்டியல் உங்கள் கருவியிலேயே இருக்கும். நியூபைபில் கமெண்டுகளையும், ‘இதையும் பாருங்கள்’ என்று வரும் வீடியோக்களையும் அமைப்புகளில் மறைத்துவிடலாம். பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது இதனால் குறையும்.

ஆனால் சிலவற்றை மறக்கக் கூடாது.

நியூபைப் பிளே ஸ்டோரில் கிடையாது. அங்கே அதே பெயரில் ஏதாவது வந்தால் தொடாதீர்கள். எஃப்-டிராய்டிலிருந்தோ அதன் சொந்த இணையதளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள்.

பார்த்ததும் தேடியதும் போனுக்குள் பதிவாகும். பலர் கையாளும் போன் என்றால் அதையும் நிறுத்துங்கள்.

போன் தொலைந்தால் பட்டியலும் போய்விடும். அவ்வப்போது ஏற்றுமதி செய்து வேறிடத்தில் வையுங்கள்.

யூடியூப் மாற்றம் செய்யும்போது இவை சில நாள் வேலை செய்யாமல் போகலாம். புதிய பதிப்பு வந்ததும் சரியாகும்.

இவை முழுத் திரையும் அல்ல. வீடியோ யூடியூபிலிருந்தே வருவதால், உங்கள் இணைய முகவரி அங்கே தெரியத்தான் செய்யும். குழந்தைகளுக்கான காவலும் அல்ல. அந்த வேலை பெற்றோருடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவற்றில் விளம்பரம் வராது. அந்த வருமானம் வீடியோ போடுபவருக்குப் போகாது. யூடியூபும் இதை விரும்புவதில்லை. ஒருவரின் உழைப்பால் பயன் பெற்றால், வேறு வழியிலாவது அவருக்கு ஆதரவு தருவதுதான் நியாயம்.

அடுத்த வீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதை நாம் யாரும் பொறுப்பதில்லை. நம் கையில் இருக்கும் ஜன்னலுக்கும் ஒரு திரை போடுவோம். இன்று வீட்டுக்குப் போனதும் அந்த ஹிஸ்டரியை நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள். செய்யத் தெரியாதவர்களுக்கு, உங்கள் வீட்டுப் பிள்ளைகளே சொல்லித் தரட்டும்.