கூரைக்கும் ஒரு போர்வை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "வெளிநாட்டு அனுபவம் ஏதாவது பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். பேசுகிறேன். ஆனால் இது நான் சாதித்த கதை அல்ல. சிவில் படித்த நான் போட்ட ஒரு தப்புக் கணக்கின் கதை.

சில வருடங்கள் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்குப் பக்கத்தில் வேலை பார்த்தேன். டெக்ஸாஸ் நம்ம மதுரைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. கோடையில் 40 டிகிரி அங்கே ஒரு செய்தியே இல்லை. அப்பேர்ப்பட்ட ஊரில் 2021 பிப்ரவரி 16-ஆம் தேதி காலை வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். அதற்கு முதல் நாள் விடியற்காலையிலேயே கரண்ட் போய்விட்டது. குளிருக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஹீட்டர் போட்டதில் தேவை ஏறிப்போச்சு. அதே குளிரில் எரிவாயு வசதிகளும் மின் நிலையங்களும் உறைந்து உற்பத்தி இறங்கிப்போச்சு. மொத்தக் கட்டமைப்பும் சரிந்துவிடாமல் இருக்க, 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரத்தை நிறுத்தினார்கள். டெக்ஸாஸின் மின் கட்டமைப்பு பெரும்பாலும் தனித்தீவு. பக்கத்து மாநிலங்களிடம் பெரிய அளவில் கைமாற்று வாங்கவும் வழியில்லை. அந்த மாநில சுகாதாரத் துறை பிறகு சொன்ன கணக்குப்படி 246 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் மிகப் பலர் குளிரில் விறைத்து இறந்தவர்கள். சிலர் கதகதப்புக்காக மூடிய வீட்டுக்குள் கரி அடுப்பும் ஜெனரேட்டரும் வைத்து, கார்பன் மோனாக்சைடு வாயுவில் போனவர்கள்.

நாங்கள், இரண்டு வயசு மகளோடு, மூன்று தமிழ்க் குடும்பங்கள் ஒரே வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டோம். நாலைந்து நாள் கழித்துப் பனி உருகத் தொடங்கியதும் என் வீட்டுப் பரணிலிருந்து கூடத்துக்குள் தண்ணீர் கொட்டியது. அங்கே பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் பரண் வழியாகப் போகும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். உறைந்த கட்டிக்கும் மூடின குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம் ஏறி, பைப் வெடித்துவிடும். வெடித்தது தெரியாது. பனி உருகும்போதுதான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் பரணுக்கு ஸ்ப்ரே ஃபோம் அடித்தேன். பார்க்க வேடிக்கையான வேலை. இரண்டு டிரம்மில் இரண்டு திரவம். ஒன்று ஐசோசயனேட், மற்றது பாலியால். சூடாக்கின ஹோஸ் வழியாக வந்து துப்பாக்கி முனையில் கலந்து, பட்ட இடத்தில் ஆப்ப மாவு மாதிரிப் பொங்கி, சில விநாடியில் இறுகிவிடும். சந்து பொந்தெல்லாம் அடைபடும். அதுதான் அதன் பெரிய பலம். வெப்பத்தையும் தடுக்கும், காற்றுக் கசிவையும் நிறுத்தும். கூரைப் பலகையின் அடிப்பக்கத்தில் அடித்ததால் பரணும் குழாயும் போர்வைக்குள்ளே வந்துவிட்டன. அடிக்கிறவர்கள் முகமூடி, சுவாசக் கருவியோடு வருவார்கள். வீட்டுக்காரர்கள் ஒரு நாள் வெளியே தங்க வேண்டும். செலவு பெரிய செலவு. பத்து வருஷத்துக்கு ஒரு முறை வருமோ வராதோ என்கிற குளிருக்கு, யோசிக்காமல் செய்தேன்.

இப்போது வண்டியூருக்கு வாருங்கள்.

வண்டியூரில் எங்கள் வீடு. அப்பா கட்டினது கீழ்த்தளம். மேல்தளம் 2016-ல் நான் அனுப்பின பணத்தில், நானே வரைந்த பிளானில் கட்டியது. கீழே வாடகைக்கு விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் மேலே குடியேறினார்கள். தளம் போட்டு முடிந்ததும் எங்கள் கொத்தனார் அண்ணன் போனில் கேட்டார்: "தம்பி, மேல சுருக்கி போட்டு தட்டோடு பதிச்சிருவோமா?" பட்ஜெட் எகிறியிருந்த நேரம். "அதெல்லாம் பழைய முறைண்ணே, பிறகு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பிறகு என்பது எட்டு வருஷம்.

2024 மே மாதம் ஒரு ராத்திரி அப்பா கட்டிலிலிருந்து எழுந்தவர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அம்மா போனில், "ஒண்ணுமில்ல தம்பி, லேசா கிறுகிறுப்பு. நீ லீவெல்லாம் போட வேணாம்" என்றார்கள். வந்து பார்த்தேன். அப்பாவிடம் "ஏசி போட்டுக்க வேண்டியதுதானே" என்று கேட்டேன். "போடாம என்ன? அது பாட்டுக்கு ஓடுது, கூரை பாட்டுக்குக் காயுது. அடுப்புக்கு அடியில படுத்த மாதிரி இருக்குப்பா" என்றார். ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைத்த கதை.

அன்று ராத்திரி பத்து மணிக்குத் துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியை வைத்துக் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். 39 டிகிரி. மனித உடம்புச் சூடே 37தான். வெயில் போய் நாலு மணி நேரம் ஆகியும் கூரை அப்பாவைச் சுட்டுக்கொண்டிருந்தது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும் குளிருக்கு என் மகள் தலைக்கு மேல் போர்வை போட்டவன், வருஷம் தவறாமல் வரும் கத்திரி வெயிலுக்கு அப்பா தலைக்கு மேல் வெறும் கான்கிரீட்டை விட்டு வைத்திருந்தேன். இதுதான் நான் சொன்ன தப்புக் கணக்கு.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் பாடம். கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சூடு அடிப்பக்கம் வந்து சேர பல மணி நேரமாகும். அதனால்தான் மதியத்தைவிட முன்னிரவில் மேல்மாடி அறை கொதிக்கிறது. மின்விசிறி போட்டால் கூரைக்குக் கீழே தங்கியிருக்கும் சூட்டுக் காற்றைத்தான் நம் மேல் தள்ளும்.

'யு' மதிப்பு என்று படித்திருப்பீர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்கிற கணக்கு. 15 சென்டிமீட்டர் வெறும் தளத்துக்கு அது மூன்றுக்கு மேல் வரும். மத்திய மின்துறை 2018-ல் கொண்டுவந்த 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதிமுறை, வீட்டுக் கூரைக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 1.2. நம்முடைய வெறும் தளம் அந்த வரம்பைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடுகிறது.

நம் பெரியவர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். செங்கல் ஜல்லியும் நீற்றின சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் தெளித்து, நாள் கணக்கில் கட்டையால் அடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். மழைக்கும் காப்பு, வெயிலுக்கும் காப்பு. ஆனால் கணக்கை மறைக்கக் கூடாது. 10 சென்டிமீட்டர் சுருக்கி போட்டாலும் 'யு' மதிப்பு இரண்டே காலுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நல்லதுதான், போதாது. அதே தளத்தின் மேல் 5 சென்டிமீட்டர் ஃபோமோ, தெர்மாகோலின் கெட்டி வகைப் பலகையோ வைத்தால் அது சுமார் அரைக்கு இறங்கிவிடும். காரணம் எளிது. அந்தப் பொருளுக்குள் இருப்பது பெரும்பாலும் நுண்ணிய குமிழிகளில் அடைபட்ட வாயு. தெர்மாஸ் குடுவை காபிக்கும் ஆகும், ஐஸ் தண்ணீருக்கும் ஆகும் இல்லையா? அது மாதிரி டெக்ஸாஸ் குளிரைத் தடுத்த பொருளே வண்டியூர் வெயிலையும் தடுக்கும்.

அப்படியானால் எல்லோரும் ஸ்ப்ரே ஃபோம் அடிக்கலாமா? அவசரப்பட வேண்டாம். இங்கே குளிர்சாதனக் கிடங்குகளிலும் தொழிற்சாலைக் கூரைகளிலும் அது புழக்கத்தில் உண்டு. மொட்டை மாடியில் அடித்துத் திறந்துவிட்டால், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு மஞ்சளாகிப் பொடி உதிரும். மேலே ஒரு மூடு தளம் கட்டாயம். அறைக்குள் கூரையில் அடித்து அப்படியே விடுவது அதைவிட ஆபத்து. தீப்பிடித்தால் நச்சுப் புகை. 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் வெளிச்சுவர்ப் போர்வை வழியாகத் தீ ஏறி 72 பேர் இறந்ததை மறக்கக் கூடாது. போர்வை போடுகிற எஞ்சினியர், அது எப்படி எரியும் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொன்று. போர்வை தளத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டால் அறைக்கு ஓரளவு நிம்மதி, ஆனால் தளம் தினம் காய்ந்து குளிர்ந்து விரிந்து சுருங்கி வெடிப்பு விடும். மேலே போட்டால் தளமே குளிர்ச்சியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் 2025 மாசியில் வேலையைத் தொடங்கினோம். எங்கள் மாடி அளவுக்கு ஃபோம் மெஷினைக் கொண்டுவருவது கட்டுப்படியாகவில்லை. பலகைதான் போட்டோம். பழைய கொத்தனார் அண்ணனையே கூப்பிட்டேன். வந்ததும், "அன்னைக்கே சொன்னேனே தம்பி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் சொல்லாதது அவர் பெருந்தன்மை. தளத்து வெடிப்பை அடைத்து, நீர் கசியாத பூச்சு பூசி, 5 சென்டிமீட்டர் பலகை பரப்பி, அதன் மேல் கம்பி வலை வைத்துக் கலவை போட்டு, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்து, வெள்ளை ஓடு பதித்தோம். வாட்டம் எல்லாம் அண்ணன் கண் பார்வைதான். என் லெவல் கருவி பின்னால் வந்து சரி என்று ஒப்புக்கொண்டது.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் வண்டியூருக்கு எழுந்தருளும் அந்த வெயிலில், தண்ணீர் பீய்ச்சிச் சாமியையே குளிர வைக்கிற ஊர் இது. அந்த வாரம் ராத்திரி பத்து மணிக்கு அதே வெப்பமானியை அதே இடத்தில் வைத்தேன். 33 டிகிரி. ஒரு வீட்டில் எடுத்த அளவுதான். இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா ஏசியை ராத்திரி பதினொன்றுக்கு அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறார்.

இவ்வளவு செலவு எல்லோராலும் முடியாது. முடிந்ததைச் சொல்கிறேன். முதலில் வெள்ளை. வெறும் கான்கிரீட் தன் மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் உறிஞ்சும். புதிதாக அடித்த வெள்ளை முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். சுண்ணாம்பும் கொஞ்சம் பசையும் போதும். தூசி படிந்தால் பலன் குறையும். ஆகவே வருஷா வருஷம் பங்குனியில் கழுவி ஒரு பூச்சு. தகரக் கூரை வீடானால் மேலே வெள்ளை, கீழே இடைவெளி விட்டு ஒரு தட்டி. பகலில் ஜன்னலைச் சாத்துங்கள், ராத்திரி திறந்துவிடுங்கள். இதற்கெல்லாம் பிறகு ஏசி வாங்குங்கள், சின்னதே போதும்.

அகமதாபாத் மாநகராட்சி 2010 வெப்ப அலையில் அடிபட்ட பிறகு, 2013-ல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நம் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல காரியம். ஆனால் அந்த நிவாரணத்துக்கு ஆள் வராமல் பார்த்துக்கொள்வது நம் தொழில்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். மாணவர்களே, தளத்துக்குக் கம்பி கணக்குப் போடும்போது, அந்தத் தளத்துக்குக் கீழே யார் படுக்கப்போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வரைபடத்தில் தளத்துக்கு மேல் என்ன வரும் என்று ஒரு வரி எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாவது சங்கத்துக்கு. நம் விடுதி மேல்தளத்து அறைகளில் சித்திரை, வைகாசியில் நாம் யாரும் படுத்ததில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். இப்போதும் மேலே வெறும் தளம்தான். நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வருகிற பங்குனிக்குள் அதற்கு வெள்ளையடிக்கிற செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது. பூசுவதற்கு முன்னும் பின்னும் அளவெடுத்துக் குறித்து வைக்கிற வேலை இப்போது படிக்கிறவர்களுடையது. அடுத்த சந்திப்பில் என் 33 டிகிரியை விட்டுவிடலாம். உங்கள் அளவுகளை இந்த மேடையில் நீங்களே வாசியுங்கள்.