நாம் அண்மையில் வாசித்த சில நூல்கள்

(மன்றத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



அண்மையில் வாசித்த நூல்களைப் பற்றிப் பேசவேண்டும் என்று மன்றச் செயலாளர் எம்மைப் பணித்தபோது, எத்தகைய நூல்களைப் பற்றி என்று கேட்டோம். “நல்ல நூல்களைப் பற்றி” என்றார். நல்லனவா அல்லவா என்பதை வாசித்த பின்பன்றோ சொல்லலாம்! ஆதலால் இவ்வாண்டு எமது கைக்கு வந்தவற்றுட் சிலவற்றை எடுத்துக்கொண்டு, மனத்திற் பட்டதைப் பட்டவாறே கூறத் துணிந்தோம். பல்கலைக்கழகத்திற் பாடமாக வாசிப்பவை இவற்றுட் சேரா. அவற்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்லப் பரீட்சை மண்டபம் இருக்கிறது.

புத்தகத்தை மதிப்பதில் யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் பின்னிற்பவர் அல்லர். நவராத்திரியில் அதனை அடுக்கிப் பூச்சாத்துகிறோம். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறோம். ஊருக்கு ஊர் வாசிகசாலை வைத்திருக்கிறோம். எழுதியவருக்கும் விழா எடுக்கிறோம். ஆனால் அவர் என்ன எழுதினார், அதில் நமக்கு உடன்பாடானது எது, உடன்பாடற்றது எது என்று பேசுவோர் குறைவு. நாவலர் பெருமான் பெயரைக் கேட்டால் எழுந்து நிற்கிறோம். அவர் 1872இல் எழுதிய ‘யாழ்ப்பாணச் சமயநிலை’யை, நமது முன்னோரை அவர் வாங்கு வாங்கென்று வாங்கிய அந்நூலை, இச்சபையில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம் என்று கேட்டாற் சங்கடமாயிருக்கும். ஆகவே கேட்கவில்லை.

முதலில் ‘தாமோதரம்’. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) தாம் அச்சேற்றிய நூல்களுக்கு எழுதிய பதிப்புரைகளைத் திரட்டி 1971இல் வெளியிட்ட தொகுதி இது. பதிப்புரைகளை மாத்திரம் திரட்டினால் யார் வாசிப்பார் என்று கேட்கத் தோன்றும். நாம் இரண்டு இரவில் வாசித்து முடித்தோம். அமெரிக்க மிஷன் கல்வியில் வளர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) என்று வரிசையாக வெளியிட்ட அறிஞரை நாம் எதிர்பார்த்தோம். நூலிற் கண்டதோ, ஏடு தேடி வீடு வீடாக இரந்து நிற்கும் ஒரு மனிதரை. கையில் வைத்திருந்தும் தரமறுப்பவர்மீது அவருக்குக் கோபம் வருகிறது. பிழை கண்டுபிடிக்கவே பிறந்த வித்துவான்களை எள்ளி நகையாடுகிறார். தொட்டாற் பொடியாகும் நிலைக்கு ஏடுகள் வந்துவிட்டதை அவர் கூறுமிடம், நோயாளியின் கட்டிலருகே நிற்பவர் பேசுவதுபோல இருக்கிறது. ஆயினும், வீரசோழியப் பதிப்புரையில் தமிழின் வரலாற்றைக் காலங்களாக வகுத்து அவர் கூறும் ஆண்டுக்கணக்கு இன்று நில்லாது. பெரியவர் சொன்னாரென்று அதனை மேடைகளில் இன்னும் ஒப்பிப்பது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. அவரே பிறர் சொன்னதைச் சோதியாமல் ஏற்றவர் அல்லர்.

இந்நூலை வாசிக்கையில் வேறொரு நினைவும் கூடவே வந்தது. அவர் போராடியது செல்லோடும் பூச்சியோடும் காலத்தோடும். 1981ஆம் ஆண்டு மே 31ஆந் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்திற் சுமார் 97,000 நூல்களை எரித்தவர்கள் மனிதர்கள். நாம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன் நடந்தது. அந்த நூலகம் மீளக் கட்டப்பட்டு அங்கே அமர்ந்து வாசிக்கிறோம். 2005 முதல் ‘நூலகம்’ என்ற பெயரில் இணையத்தில் ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் அன்பர்களின் முயற்சியாலும் வாசிக்கிறோம். ஏட்டிலிருந்து அச்சுக்கும் அச்சிலிருந்து கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டோம். இனி நூல் கிடைக்கவில்லை என்ற சாட்டுக்குப் பெரிதும் இடமில்லை.

அடுத்தது ஓர் ஆங்கில நூல். லெனாட் வூல்ப் எழுதிய சுயசரிதையின் ஒரு பாகம், ‘குறோயிங்’ என்பது அதன் பெயர், 1961இல் வந்தது. ஆங்கில நாவலாசிரியை வேர்ஜீனியா வூல்பின் கணவர் என்றே பலருக்கும் இவரைத் தெரியும். 1904இல் இலங்கைச் சிவில் சேவைக்கு வந்து, 1905 முதல் இரண்டரை ஆண்டளவு யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்தவர். வால்டேரின் நூற்றொகுதிகளையும் ஒரு நாயையும் கூட்டிக்கொண்டு வந்தாராம். புத்தகத்தோடு வந்தவரென்ற காரணத்தால் முதற்பக்கங்களில் எமக்கு அவர்மேல் ஒரு பட்சம் உண்டாயிற்று.

அந்நூலில் ஒரு சம்பவம் வருகிறது. மெயின் வீதியிற் குதிரைமேல் சென்றுகொண்டிருந்த வூல்ப், வீதியை ஆக்கிரமித்து நீட்டப்பட்ட ஒரு விறாந்தையைத் தம் சவுக்கினாற் சுட்டிக் காட்டுகிறார். அவ்வழியே வந்த தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் அவர் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று அரசாங்கத்துக்கு முறைப்பாடு போகிறது. தாம் அடிக்கவில்லை என்கிறார் வூல்ப். அதனை நம்புகிறோம். ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. ஐம்பதாண்டுகளுக்குமேற் கழிந்தபின் அதனை எண்ணிப் பார்த்து, சவுக்கு முகத்திற் படாவிட்டாலும், தாம் அங்கே குதிரைமேல் இருந்ததே அம்மக்களின் முகத்தில் விழுந்த அடிதான் என்ற கருத்துப்பட எழுதுகிறார். இவ்வளவு நேர்மையாகத் தம்மைத் தாமே விசாரணை செய்த அதிகாரியை வேறெந்த நூலிலும் நாம் சந்தித்ததில்லை.

எமக்கு ஒரு மனக்குறையும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சாதாரண மனிதர் இந்நூலில் வருவதும் போவதும் தெரிவதில்லை. பின்னர் அம்பாந்தோட்டைக்கு மாற்றலாகிச் சென்ற இதே மனிதர், அங்குள்ள காட்டுக் கிராமமொன்றின் குடிசைக்குள் நுழைந்து, சிலிந்து என்ற வேட்டைக்காரனையும் அவன் பெண்மக்களையும் வைத்து 1913இல் ஒரு நாவல் எழுதினார். அதனை வாசித்துக் கண் கலங்காதவர் இலர். அந்தக் கண் நமது வீதிகளில் ஏன் திறக்கவில்லை? கச்சேரி மேசை குறுக்கே நின்றது போலும்.

குதிரைமேலிருந்து பார்த்த யாழ்ப்பாணம் அது. சலூன் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்த யாழ்ப்பாணம் வேறு. டொமினிக் ஜீவா (1927–2021) 1999இல் வெளியிட்ட சுயசரிதையின் பெயர் ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’. பெயரே ஒரு முழம்! நூலிலும் சில இடங்களில் சொன்னதே திரும்ப வருகிறது. தம் வெற்றிகளைக் கூறுமிடத்து அடக்கமும் சற்றுக் குறைவு. இவற்றைப் பொறுத்துக்கொண்டு வாசித்தோம். வாசிக்க வாசிக்கப் பொறுக்க வேண்டிய அவசியமும் இல்லாமற் போயிற்று. வகுப்பில் ஆசிரியர் ஒருவர் குலத்தொழிலைச் சொல்லி இழிவுபடுத்தியதால் படிப்பை விட்ட சிறுவன், சிகையலங்கரிப்புத் தொழில் செய்துகொண்டே எழுத்தாளனாகி, ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெறுகிறான், 1966 முதல் 2012 வரை ‘மல்லிகை’யை நானூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் நடத்துகிறான், அதனைத் தானே கையிற் சுமந்து வீதி வீதியாக விற்கிறான். முடிவெட்ட வந்தவர் பேசும் இலக்கியத்தைக் கேட்டுக் கேட்டுப் படித்த பகுதிகளே நூலின் உயிர். பள்ளிக்கூடம் தர மறுத்ததைச் சலூன் தந்தது.

இனிச் சொல்லப்போவதைச் சிலர் இச்சபையில் விரும்பாதிருக்கலாம். கே. டானியல் எழுதிய ‘பஞ்சமர்’ (1972), ‘கானல்’ (1986) ஆகிய நாவல்களையே சொல்கிறோம். முதலாவது தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நுழைவதற்கு ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திய போராட்டங்களைப் பற்றியது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனால் 1968இலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் நின்று மன்றாடவேண்டியிருந்தது. அந்தக் காலத்து நமது பேச்சை, வயலிலும் பனங்காணியிலும் பேசிய பேச்சை, டானியலைப்போல் எழுத்திற் பிடித்துத் தந்தவர் எவருமில்லை. எங்கள் பேத்தியார் பேசிய சில சொற்களை அந்நூலிலேயே மீண்டும் கேட்டோம். கலை என்ற வகையிற் குறை சொல்லவும் இடமுண்டு. மேற்சாதியாராக வருபவர் பெரும்பாலும் ஒரே கருமையாக இருக்கிறார்கள். ஒரு நாயன்மார்க்கட்டு வேளாளர் தனித்திருக்கையில் என்ன நினைப்பார் என்பதை அறிய ஆசிரியருக்கு ஆவலில்லை. அது நாவலின் பலத்தைக் குறைக்கிறதென்பது எமது எண்ணம்.

‘கானல்’ எம்மைக் கூடுதலாக வருத்தியது. மதம் மாறினால் சாதி விட்டுப்போகும் என்று நம்பிக் கிறிஸ்தவரான மக்கள் கண்டது கானல்நீரே என்பது அதன் பொருள். நாம் பதின்மூன்றாண்டு மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவர்கள். அங்கே எமக்குக் கிடைத்த ஆங்கிலத்துக்கும் நூல்நிலையத்துக்கும் நன்றியுடையோம். ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்துவதற்கு 1930 அளவிலும் இந்தக் குடாநாட்டில் எவ்வளவு எதிர்ப்பு எழுந்ததென்பதைப் பள்ளிக்கூட வரலாற்று மலர்கள் எமக்குச் சொல்லித் தந்ததில்லை. ஒரு நாவல் சொல்லித் தந்தது.

“ஆறிய புண்ணைக் கிளறுவானேன்?” என்று ஒரு பெரியவர் எம்மிடம் கேட்டார். ஆறியதா என்பதைக் கல்யாணப் பேச்சுக் கால்களிடம் விசாரிக்கலாம் என்று சொல்ல நினைத்தோம். வயதுக்கு மரியாதை கொடுத்து வாய்மூடினோம். இப்போது சபையிற் சொல்லிவிட்டோம். மன்றத்து வாசிகசாலை அலுமாரியில் புராணங்களும் பொதுஅறிவுப் புத்தகங்களும் நிறைய உண்டு. டானியலின் நூல் ஒன்றேனும் இல்லை. வரும் ஆண்டுக்கான கொள்வனவுப் பட்டியலில் ‘பஞ்சமர்’ இடம்பெற வேண்டுமென்று செயற்குழுவை இச்சபை முன்னிலையிற் கேட்டுக்கொள்கிறோம். வாங்கியபின் அலுமாரியைப் பூட்டி வைக்கவேண்டாமென்றும் கேட்டுக்கொள்கிறோம்.

மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இல் வந்த நாவல். யாழ்ப்பாணத்துப் பெண்ணொருவர் அந்நாளில் நாவல் எழுதினார் என்பதை எமக்கு எவரும் சொல்லவில்லை. பெயரைக் கண்டதும் மிஷன் பிள்ளைகளுக்கு 51ஆம் சங்கீதம் நினைவுக்கு வரும். மணவாழ்வில் ஒரு பெண் படும் துன்பமே கதை. போதனை மிகுதி, நடை இன்றைய வாசகரைச் சோதிக்கும். எல்லாவற்றுக்கும் பொறுமையையே மருந்தாகக் கொடுப்பதோடு எமக்குச் சண்டை உண்டு. ஆயினும் சீதனத்தையும் சொத்தையும் பற்றிய பேச்சு நடக்கும் வீடுகளில் அறைக்குள் இருந்து கேட்பவளின் காதோடு நாமும் கேட்கவேண்டுமானால், இத்தகைய நூல்களுக்கே போகவேண்டும்.

இவ்வளவு நேரம் கனமான நூல்களையே பேசிவிட்டோம். பின்வரிசையில் ஓரிருவர் மணிக்கூட்டைப் பார்ப்பது தெரிகிறது. அவர்களுக்காக ஒன்று: அளவெட்டி தந்த கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியின் ‘குறும்பா’ (1966). ஆங்கிலத்தில் ‘லிமரிக்’ என வழங்கும் சிரிப்புப் பாட்டைத் தமிழ் யாப்புக்குள் கொண்டுவந்து, நமது மனிதரின் பொய்யையும் பொச்சரிப்பையும் அதில் ஏற்றியிருக்கிறார். வேடிக்கைப் பாட்டுத்தானே என்று எண்ணிப் பஸ்ஸிற் படித்தால் ஆபத்து. நாம் தனியே சிரித்ததைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறிடம் போய்விட்டார். இரண்டாம் முறை வாசிக்கையில் சிரிப்புக்கு அடியில் ஏதோ குத்துகிறது. நாற்பத்துநான்கு வயதில், 1971இல், இவர் மறைந்தது தமிழ்க் கவிதைக்குப் பெரிய நட்டம்.

அந்நூலின் பிரதி ஒன்று எம்மிடம் இருக்கிறது. விரும்புபவர் கூட்டம் முடிந்ததும் வாங்கிச் செல்லலாம். பெயரைக் கொப்பியிற் பதிந்துவிட்டுப் போகவும்.