மெடிசினை விட்டுட்டு லிட்ரேச்சர் படிச்சவர்

போன வாரம் ஒரு தங்கச்சி மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. பிளஸ் டூ முடிச்சாச்சு, பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்க ஆசை. அவங்க அப்பா கேட்கிறாராம்: "இங்கிலீஷ்தான் உனக்கு நல்லா வருதே, அதை எதுக்கு மூணு வருஷம் படிக்கணும்?" உண்மையைச் சொன்னா, இன்ஜினியரிங் படிச்ச நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம்தான் சினுவா அச்செபே கதை தெரிஞ்சது.

1948. நைஜீரியாவில், இபாடான் நகரத்தில் புதுசா ஒரு யுனிவர்சிட்டி காலேஜ் தொடங்குது. அச்செபேவுக்கு அங்கே மெடிசின் சீட், கூடவே ஸ்காலர்ஷிப். ஒரு வருஷம் படிச்சார், மனசு ஒட்டலை. இங்கிலீஷ், வரலாறு, சமயம்னு மாறிட்டார். ஸ்காலர்ஷிப் போயிடுச்சு. அவரோட அண்ணன் அகஸ்டின், லீவுக்கு ஊருக்குப் போக வெச்சிருந்த பணத்தைத் தம்பி படிப்புக்குக் கொடுத்தார்.

அங்கே பாடத்திட்டம் எல்லாம் லண்டன் பாணிதான். ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த். அதோட 'மிஸ்டர் ஜான்சன்'னு ஒரு நாவலும் வகுப்புக்கு வந்தது. ஜாய்ஸ் கேரி எழுதினது. கதை நடக்கிறது நைஜீரியாவில், ஹீரோ நைஜீரியக் கிளார்க். வெளிநாட்டுல ஆஹா ஓஹோன்னு பாராட்டின புத்தகம். ஆனா வகுப்புல ஒரு மாணவர் எழுந்து, "ஜான்சனை அவனோட வெள்ளைக்கார அதிகாரி சுட்டுக் கொல்ற இடம் மட்டும்தான் சார் எனக்குப் பிடிச்சது"ங்கிற மாதிரி சொல்லிட்டார்!

அந்த வகுப்புதான் லிட்ரேச்சர். நம்மைப் பத்தின கதையை யார் சொல்றாங்க, எங்கே தப்பு பண்றாங்கன்னு வரிவரியா பிரிச்சுப் பார்க்கிறது. கோட் ரிவ்யூ பண்றவங்களுக்கு இது புரியும். அச்செபே ரிவ்யூவோட நிறுத்தலை, தானே எழுதினார். 1958-ல வந்தது 'திங்ஸ் ஃபால் அபார்ட்'. தமிழ்ல 'சிதைவுகள்'ங்கிற பேர்ல கிடைக்குது.

சரி, வேலை? கொஞ்ச நாள் ஸ்கூல்ல வாத்தியார். அப்புறம் லாகோஸ்ல ரேடியோ வேலை, பேச்சு ஸ்கிரிப்ட் எடிட் பண்றது. கிட்டத்தட்ட நான் இப்போ பண்ற வேலை! நாவலையும் அந்த வேலையில இருந்தபடிதான் எழுதினார்.

தங்கச்சி, இதைப் படிச்சா எல்லாரும் அச்செபே ஆயிடலாம்னு நான் சொல்ல மாட்டேன். ஃபீஸ், வேலை பத்தி அப்பா கேட்கிறது நியாயம்தான். அதை உட்கார்ந்து பேசுங்க. ஆனா "நல்லா வருதே, எதுக்கு?"ன்னு மறுபடி கேட்டா, அந்த வகுப்பு கதையைச் சொல்லுங்க. முடிஞ்சா அகஸ்டின் அண்ணன் கதையையும்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.