பன்னிரண்டு மரச் சிப்பாய்கள்



விழாக் குழுவினர் நமக்குத் தந்த தலைப்பு ‘குழந்தைப் பருவ வாசிப்பும் விளையாட்டும்’. பாடம் போக மற்றதெல்லாம் வீண்பொழுது என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை மறைத்துப் படிக்காத பிள்ளை எந்த வீட்டில் உண்டு? ஆகவே வாதாடாமல், ஒரு வீட்டின் வரலாற்றைச் சொல்கிறோம்.

இங்கிலாந்தின் வடக்கே ஹாவொர்த் என்று ஒரு மலையூர். 1820-ல் பாட்ரிக் பிரான்டே என்ற போதகர் ஆறு பிள்ளைகளோடு அங்கு வந்து சேர்ந்தார். அயர்லாந்துக்காரர்தான், ஆனால் நம் சபையினர் அல்லர், ஆங்கிலிக்கன் சபையினர். மறு ஆண்டே மனைவி இறந்தார். 1825-ல் மூத்த பெண்கள் இருவரும் விடுதிப் பள்ளியிலிருந்து நோயோடு திரும்பி வந்து மாண்டனர். எஞ்சியவர் நால்வர்: சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். வீட்டின் முன்னால் கல்லறைத் தோட்டம்; பின்னால் காற்றடிக்கும் மேட்டுவெளி.

1826 ஜூனில் லீட்ஸ் நகருக்குப் போன தந்தை, மகனுக்காகப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். மறுநாள் காலையில் நால்வரும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு பெயரிட்டார்கள். சார்லட்டின் சிப்பாய் வெலிங்டன் பிரபு. பிரான்வெலின் சிப்பாய் நெப்போலியன். பத்து வயதுக்குள் இந்தப் பெயர்கள் எப்படித் தெரிந்தன? அந்தத் தந்தை செய்தித்தாளைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைக்கவில்லை. விவிலியம், ஈசாப்பு கதைகள், அராபிய இரவுகள், பெவிக் என்பவரின் படங்கள் நிறைந்த பறவை நூல், ‘பிளாக்வுட்ஸ்’ மாத இதழ் என்று கைக்கு எட்டியதையெல்லாம் படித்தனர். போதாததற்கு, சமையலுக்கிருந்த டேபி அம்மாள் அந்த வட்டாரக் கதைகளைச் சொல்வார்.

விளையாட்டு வளர்ந்தது. சிப்பாய்கள் கப்பலேறிப் போய் ஆப்பிரிக்கக் கரையில் நாடு பிடித்தனர். போரில் மாண்டவர்கள் மறுநாள் உயிர் பெற்றனர். தலைநகருக்குக் கண்ணாடி நகரம் என்று பெயர். நகரம் இருந்தால் பத்திரிகை வேண்டாமா? அதையும் தொடங்கினர். படிப்பவர் பொம்மைச் சிப்பாய் ஆயிற்றே, ஆகவே தீப்பெட்டி அளவு! கிடைத்த காகிதத் துண்டுகளை வெட்டி, ஊசி நூலால் தைத்து, அச்செழுத்துப் போலப் பொடி எழுத்தில் எழுதினர். 1830-ல் சார்லட் எழுதிய இதழ் ஒன்று 2019-ல் பாரிசில் ஏலத்துக்கு வந்தது. அகலம் 35 மில்லிமீட்டர், உயரம் 61. இருபது பக்கங்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள், விளம்பரங்கள்கூட உண்டு. ஆறு லட்சம் யூரோ கொடுத்து வாங்கி, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அதே வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

அந்த இதழ்களுக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. போட்டிருந்தால் நின்றுபோயிருக்கும் என்றே நாம் நினைக்கிறோம்.

பிறகு வந்ததெல்லாம் எளிதாக வரவில்லை. 1837-ல், அரசவைக் கவிஞர் சதே, இலக்கியம் பெண்ணுக்கு வாழ்க்கைத் தொழிலாகாது என்று சார்லட்டுக்குப் பதில் எழுதினார். 1846-ல் மூன்று சகோதரிகளும் புனைபெயரில், சொந்தச் செலவில் வெளியிட்ட கவிதை நூல் முதல் ஆண்டில் விற்றது இரண்டே பிரதிகள். 1847-ல் ‘ஜேன் அயர்’, ‘வதரிங் ஹைட்ஸ்’, ‘ஆக்னஸ் கிரே’ மூன்றும் வெளிவந்தன. ‘ஜேன் அயர்’ எப்படித் தொடங்குகிறது? திரைக்குப் பின்னால், சன்னல் திட்டில், ஒரு சிறுமி பெவிக்கின் அதே பறவை நூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்காக அவளுக்கு அடி விழுகிறது!

விளையாடினால் போதும், எழுத்தாளராகிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. அதே பொம்மை, அதே புத்தகங்களோடு வளர்ந்த பிரான்வெல் குடியிலும் அபினிலும் சீரழிந்து 1848-ல், 31 வயதில், இறந்தார். ஆனால் அந்தப் பெட்டியும் அந்தப் புத்தகங்களும் இல்லாதிருந்தால் அந்த மூன்று பெண்களும் எழுதியிருப்பார்களா என்பது நம் ஐயம்.

நமது மறைக்கல்வி அறையில் ஒரு பீரோ நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. பல ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கின்றன. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் அதைத் திறந்து வைக்கலாம். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களை வீட்டுக்கு வீடு எடுத்து வந்தால், சிறு புத்தகங்களாகத் தைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாதர் சங்கத்தில் கைகள் உண்டு. பீரோச் சாவி உபதேசியாரிடம் இருக்கிறது, கேட்டு வைத்திருக்கிறோம்.