காற்று நுழையும் இல்லம்



ஆண்டிபட்டிப் பகுதியில் காற்றாலைகளைச் சுழற்றும் மேற்குக் காற்று, ஆனி, ஆடித் திங்களில் நம் கம்பம் பள்ளத்தாக்கெங்கும் வீசுகிறது. ஆயினும் நம் குடியிருப்புகளில் பல இல்லங்களுக்குள் அது நுழைவதில்லை.

1974-இல் தாட்கோ நிறுவப்பட்டது. அரசின் தொகுப்பு வீடுகள் எழுந்தன. கூரைக் குடிசையின் தீ அச்சம் நீங்கியது பெரும்பேறே. ஆனால் பகலெல்லாம் வெயிலை உண்ட கான்கிரீட் தளம் இரவில் அனலைக் கக்குகிறது. ஒற்றைச் சன்னல் கொண்ட அறையில் விறகடுப்புப் புகை தேங்கி, அன்னையரின் கண்ணையும் நுரையீரலையும் வருத்துகிறது. காசநோய்க் கிருமி, அடைத்த அறைக் காற்றில் நெடுநேரம் மிதக்கும். வெயில் பட்டால் மடியும். இப்புழுக்கத்தில் நம் பிள்ளைகள் எங்ஙனம் கற்பர்?

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மேற்கிலும் கிழக்கிலும் எதிரெதிராகச் சன்னல்கள், அடுப்பின்மேல் புகைபோக்கி, வெயிலைத் திருப்பியனுப்பத் தளத்தின்மேல் வெண்சுண்ணாம்புப் பூச்சு ஆகியவை போதும். அஸ்திவாரம் தோண்டுமுன் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். படிக்கத் தெரிந்தோர் படித்துச் சொல்லுங்கள். கல்வியின் பயன் அதுவே.

எத்தனை வீடுகள் என்று கேட்கும் நாம், வீட்டுக்கு எத்தனை சன்னல்கள் என்றும் கேட்போம். நல்ல காற்று எவரும் ஈயும் கொடையன்று, நம் உரிமை.