வருமான வரிக் கணக்கை யார் எழுதுவது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பாட்டும் நடனமும் கண்டு மகிழ்ந்திருக்கும் இந்த வேளையில் வருமான வரியைப் பற்றிப் பேச ஒருவனை மேடையேற்றியிருக்கிறார்கள். இந்தக் குற்றம் என்னுடையதன்று, செயலாளர் அவர்களுடையது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். தண்டவாளமே இல்லாத தீவில் ரயில்வேக் குமாஸ்தாவாக இருப்பவன். கப்பலிலோ விமானத்திலோ சென்னையில் போய் இறங்கி, அங்கிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் செல்கின்ற உங்களுக்கு முன்பதிவுச் சீட்டுக் கொடுப்பது என் தொழில். வரிச் சட்டம் நான் கற்ற வித்தையன்று. எனினும், அதில் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அந்த ஒரு தகுதியைக் கொண்டே பேசத் துணிந்தேன்.

நாம் குடியிருக்கும் இந்த ஊருக்கும் வருமான வரிக்கும் ஓர் உறவு இருக்கின்றது. இரண்டும் 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பிள்ளைகள். அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அடைப்பதற்காக 1858 மார்ச்சு மாதம் இந்தத் தீவில் கைதிக் குடியேற்றத்தை ஆரம்பித்தார்கள். அதை அடக்கியதில் ஏற்பட்ட கடனைத் தீர்ப்பதற்காக ஜேம்ஸ் வில்சன் என்ற நிதி மந்திரி கல்கத்தாவில் வருமான வரியைக் கொண்டுவந்தார். 1860 ஜூலை 24 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெல்யான், இந்த வரி கூடாது என்று எழுதி, எழுதியதை வெளிப்படையாகப் பிரசுரமும் செய்தார். அதன் பலனாகப் பதவியை இழந்து சீமைக்குத் திரும்பினார். வில்சனும் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் காலமானார். எதிர்த்தவரும் போனார், விதித்தவரும் போனார். வரி மட்டும் இடையில் சில ஆண்டுகள் ஓய்ந்திருந்து, பிறகு திரும்பி வந்து நிலைத்துவிட்டது.

நிற்க. ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் நம் காலனியில் ஒரு கேள்வி உலாவுகின்றது. "இந்த வருஷம் நாமே கணக்குத் தாக்கல் செய்துவிடலாமா, அல்லது ஆளிடம் கொடுத்துவிடலாமா?" என்பதே அது. சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படிக் கேட்கவே இடமில்லை. இங்கே இணையம் என்பது விண்கலத்தின் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்த காலத்தில், ஒரு பக்கம் திறப்பதற்குள் அடுப்பில் வைத்த சோறு வெந்துவிடும் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே பான் அட்டையின் நகலையும் கடவுச்சொல்லையும் மெயின்லேண்டில் உள்ள யாரோ ஒருவருக்கு அனுப்பிவிட்டு, அவர் செய்தது சரி என்று இருந்தார்கள். 2020 ஆகஸ்டு 10 ஆம் தேதி, சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கம்பி தொடங்கிவைக்கப்பட்டது. போர்ட் பிளேருக்கு மட்டுமன்றி லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா வரையிலும் அது போகின்றது. ஊரின் பெயர்கூட 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுத்துவைக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இனி என் கதையைச் சொல்கிறேன். என் மனைவிக்கு நான் இதைச் சபையில் சொல்வதில் விருப்பமில்லை. ஆயினும் மறைத்துப் பேசுவதென்றால் நான் பேசாமலே இருக்கலாம்.

2022 ஆம் ஆண்டு நான் சென்னையில், ரயில்வே குடியிருப்பில் இருந்தேன். குடியிருப்பு வாசலில் ஒரு மனிதர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆடிட்டர் என்றே எல்லாரும் அவரை அழைத்தோம். அவர் ஆடிட்டரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அலுவலகம் கொடுத்த படிவம் 16 ஐ நீட்டினேன். அந்த ஆண்டு என் சம்பளத்தில் பிடித்திருந்த வரி 48,360 ரூபாய். அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "முப்பதாயிரத்துக்கு மேல் திரும்ப வரும் சார், வந்ததும் பத்தில் ஒரு பங்கு எனக்குக் கொடுத்தால் போதும்" என்றார். சொன்னபடியே 31,200 ரூபாய் வங்கியில் வந்து விழுந்தது. 3,120 ரூபாயை மகிழ்ச்சியோடு எண்ணிக் கொடுத்தேன். மீதியில் வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி வந்தது. அவ்வளவு கெட்டிக்காரரை அடைந்தோமே என்று நண்பர்கள் இருவரையும் அவரிடம் அழைத்துச் சென்றேன். அந்தப் பாவமும் என் தலையில்தான்.

2023 இல் மாற்றலாகி இங்கு வந்தோம். 2024 ஜூலையில், அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்த என் மகள், "ஆளைத் தேட வேண்டாம் அப்பா, நானே பார்க்கிறேன்" என்று ஆதார் எண்ணைக் கொண்டு கடவுச்சொல்லை மாற்றி என் கணக்கைத் திறந்தாள். அதில் பதிந்திருந்த மின்னஞ்சல் முகவரி என்னுடையதன்று. பழைய தாக்கல்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, நாம் எந்தக் கட்சிக்குத் தொண்ணூறாயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்தோம்?" என்று கேட்டாள்.

சபையோர்களே, நான் எந்தக் கட்சிக்காரருக்கும் ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தவனல்லன். அதற்குக் கீழே, வாடகை கொடுத்ததாக அறுபதாயிரம் கழித்திருந்தது. அரசாங்கக் குடியிருப்பில் இருந்துகொண்டு எவருக்கு வாடகை கொடுத்தேன்? இரண்டும் சேர்ந்து ஒன்றரை லட்சம். அதற்கு இருபது சதவீத வரியும் மேல்வரியும் கணக்கிட்டால் அதே 31,200. எனக்கு வந்தது என் பணமன்று என்று அன்றுதான் தெரிந்தது. அந்தத் தாக்கலின் அடியில், "இதில் கண்டவை யாவும் உண்மை" என்ற உறுதிமொழியும் என் பெயரும் இருந்தன. மேசைக்காரரின் பெயர் எங்கும் இல்லை. மகள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

பிறகு இந்தத் தீவிலேயே உள்ள ஆடிட்டர் ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. திருத்திய கணக்கை 2025 பிப்ரவரியில் தாக்கல் செய்து, வந்த தொகையும் வட்டியும், அவற்றின்மீது ஐம்பது சதவீதக் கூடுதல் வரியுமாக ஐம்பதாயிரத்துக்கு மேல் கட்டினேன். சங்கக் கடனில் பாதி, மனைவியின் வளையலில் பாதி. நல்வேளையாக அதற்குள் என் பெயரில் விசாரணை தொடங்கவில்லை. தொடங்கியிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். பொய்க் கணக்குக்கு, ஏய்த்த வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம் விதிக்க 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருந்தது.

இது என் ஒருவனுடைய அசட்டுத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறையினர் நாடெங்கும் 150 இடங்களில் இத்தகைய மேசைக்காரர்களைச் சோதனையிட்டார்கள்; தமிழ்நாடும் அதில் ஒன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறக்குறைய 40,000 பேர் தாமாகவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அரசாங்கம் அறிவித்தது. தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களை உண்டாக்கிப் பிறகு கைவிட்டுவிடுவார்களாம்; துறை அனுப்பும் கடிதங்கள் படிப்பாரின்றிக் கிடக்குமாம். அதைப் படித்தபோது என் கணக்கில் இருந்த அந்த முகவரி நினைவுக்கு வந்தது.

ஆகவே ஆளே வேண்டாம், எல்லாரும் தாமே செய்யுங்கள் என்று சொல்ல வந்தேனா? இல்லை. என்னை மீட்டவரும் ஒரு தொழில் தெரிந்தவர்தாமே!

சம்பளம் அல்லது ஓய்வூதியம், குடியிருக்க ஒரு வீடு, வங்கியில் கொஞ்சம் வட்டி. ஆண்டு வருமானம் 50 லட்சத்துக்குள். இவ்வளவே உங்கள் நிலைமை என்றால், 'சஹஜ்' என்ற எளிய படிவம் உங்களுக்கென்றே இருக்கின்றது. அதில் பெரும்பகுதி நிரப்பப்பட்டே வருகின்றது. படிவம் 16 ஐ ஒரு கையிலும், 2021 இலிருந்து துறையே தருகின்ற ஆண்டுத் தகவல் அறிக்கையை மறு கையிலும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மறந்துபோன வைப்புத்தொகையின் வட்டி அதில் தலைகாட்டும். தாக்கல் செய்து 30 நாட்களுக்குள் ஆதார் மூலம் உறுதி செய்ய வேண்டும். அதை மறந்தால் செய்தது செய்யாததாகிவிடும். ஒரு மாலைப்பொழுது வேலை. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு வாடகைக் கழிவும் நன்கொடைக் கழிவும் இல்லாததால், கெட்டிக்காரத்தனத்துக்கும் இடம் குறைவு.

2025 இல் அறிவித்தபடி பன்னிரண்டு லட்சம் வரை வரியில்லையே, பின் எதற்குத் தாக்கல் என்று சிலர் கேட்கிறார்கள். வரி இல்லாமை வேறு, கணக்குக் கொடுக்கும் கடமை இல்லாமை வேறு. 2025-26 ஆம் ஆண்டுக்குப் புதிய முறையில் நான்கு லட்சத்தைத் தாண்டிய வருமானம் உள்ளவர் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

ஆனால் ஊரில் பூர்வீக வீட்டை விற்கப் போகிறீர்களா? தயவுசெய்து நீங்களே செய்யாதீர்கள். இது நம்மைப் போலக் கடல் கடந்து வந்தவர்கள் வீட்டில் எப்போதாவது வந்தே தீருகின்ற காரியம். தந்தையார் இல்லை; அண்ணன் தம்பி அக்காள் என்று மூவர், நால்வர் பங்கு; இராமநாதபுரத்துப் பக்கம் ஓர் ஓட்டு வீடு. தாத்தா அதை என்ன விலைக்குக் கட்டினார் என்பது யாருக்கும் தெரியாது. 2001 ஏப்ரல் 1 ஆம் தேதி அதன் மதிப்பு என்ன என்று மதிப்பீட்டாளரைக் கொண்டு எழுதி வாங்கலாம். 2024 ஜூலை 23 க்குப் பிறகு விற்றால், விலைவாசி உயர்வைக் கணக்கில் கொள்ளாமல் பன்னிரண்டரை சதவீதமா, கொண்டு இருபது சதவீதமா, எது குறைவு என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று பேரின் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இதில் ஆடிட்டருக்கு மூவாயிரம் கொடுக்கத் தயங்கி முப்பதாயிரம் இழப்பவர் உண்டு. உடன்பிறந்தாரையும் இழப்பவர் உண்டு. விற்பதற்கு முன்பே போக வேண்டும் என்பதுதான் முக்கியம். பத்திரம் பதிந்த பிறகு போனால் அவரும் என்ன செய்வார்?

கடை வைத்திருப்பவர், படகு வைத்திருப்பவர், ஒப்பந்த வேலை எடுப்பவர் ஆகியோரும் அவரிடம் போவதே நலம். சம்பள நிலுவை மொத்தமாக வந்த அரசு ஊழியர்கள், நிலுவைக்குரிய சலுகையைக் கோரும் தனிப் படிவத்தைக் கணக்குக்கு முன்பே தாக்கல் செய்ய வேண்டும், தெரியாவிட்டால் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது? 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற ஆடிட்டருக்கு உறுப்பினர் எண் உண்டு. கேட்டால் கோபிக்க மாட்டார். திரும்ப வரும் தொகையில் இத்தனை பங்கு என்று கூலி பேசுவது அவர்களுடைய தொழில் விதிக்கே விரோதம். இந்த ஒன்று எனக்கு 2022 இல் தெரிந்திருந்தால், அந்த மேசையைத் தாண்டிப் போயிருப்பேன். "கல்கத்தா ஆபீசில் எனக்கு ஆள் தெரியும்" என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். தாக்கல்கள் பெங்களூரில் இயந்திரத்தால் சரிபார்க்கப்படுகின்றன. 2020 இலிருந்து மதிப்பீடு செய்யும் அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்பதே நமக்கும் தெரியாது, அவருக்கும் நம் முகம் தெரியாது. யாரிடம் கொடுத்தாலும் உங்கள் கைப்பேசி எண்ணும் உங்கள் மின்னஞ்சலுமே பதிவில் இருக்கட்டும். அனுப்புவதற்கு முன் ஒரு பிரதியை வாங்கிப் படியுங்கள். புரியாத வரியைக் கேளுங்கள்.

நம் காலனியில் கணவரை இழந்த ஓர் அம்மையார் இருக்கிறார். குடும்ப ஓய்வூதியமும் வைப்புத்தொகை வட்டியும்தான் ஜீவனம். ஆண்டுதோறும் வங்கி 4,600 ரூபாய் வரியாகப் பிடித்துவந்தது. தாக்கல் செய்ய ஆள் ஆயிரத்து ஐந்நூறு கேட்டதால், போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். 2025 ஆகஸ்டில் என் மகள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவரே தம் விரலால் ஒவ்வொன்றாகத் தட்டித் தாக்கல் செய்தார். ஒரு மாதத்துக்குள் பணம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் பணத்துக்குக் கெடு கடந்துவிட்டிருந்தது, 9,200 ரூபாய். பணம் வந்த அன்று அந்த அம்மையார் எங்கள் வீட்டுக்கு அதிரசம் கொண்டுவந்தார். என் மகள் அதை வாங்கிக்கொண்டு, "இதுதான் அப்பா நம் வீட்டுக்கு வந்த முதல் உண்மையான ரீஃபண்டு" என்றாள்.

செயலாளர் அவர்களின் அனுமதியோடு ஓர் அறிவிப்பு: வருகிற ஜூன் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குச் சங்க நூலக அறையில் நானும் என் மகளும் இருப்போம். படிவம் 16, வங்கிப் புத்தகம், உங்கள் கைப்பேசி மூன்றையும் கொண்டுவாருங்கள். கட்டணம் இல்லை. எங்களுக்குத் தெரியாததை, தெரியாது என்று சொல்லி ஆடிட்டரிடம் அனுப்பிவிடுவோம். கடவுச்சொல்லை மட்டும் எங்களிடம் சொல்ல வேண்டாம். நீங்களே தட்டுங்கள், நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.